எந்தத் தரையிலிருந்து

நடுப்புள்ளி, தரையிலிருந்து
ஒன்று புள்ளி ஏழு மூன்று மீட்டர்.
அட்டைப்பெட்டியின் முதுகில் அச்சிட்டிருந்தது.
எந்தத் தரையிலிருந்து என்று
அச்சிட்டிருக்கவில்லை.

எங்கள் வீடு ஹார்லிங்கனில்,
கடலணைக்கு மூன்று தெரு இந்தப் பக்கம்.
களிமண்ணில் நூறு வருஷம் நின்று நின்று
ஒரு தோளைச் சாய்த்துக்கொண்ட வீடு.
சமையலறையில் கைதவறும் பட்டாணி
கேட்காமலே கூடத்துச் சுவருக்கு வந்து சேரும்.
அந்தச் சுவரில்தான் பலகை.
எதிரே இரண்டு மீட்டர் முப்பத்தேழு சென்டிமீட்டர்
காலியாக விடக்கூடிய சுவர்
வேறெதுவும் எங்களிடம் இல்லை.
அதற்கே சோபாவை ஜன்னலோரம் தள்ள வேண்டியிருந்தது.
அடியில் ஒரு சாவி கிடந்தது,
எந்தப் பூட்டுக்கும் சேராமல்.

ரின்ஸ் ரசமட்டத்தைத் தரையில் வைத்தான்.
குமிழி ஓடிப்போய் ஓரத்தில் ஒண்டிக்கொண்டது.
"பலகைக்கு நேர் கீழே இருப்பதுதான் தரை" என்றான்.
"எறிகிறவள் கால் நிற்பதுதான் தரை" என்றேன்.
அவனுக்கும் எனக்கும் நடுவே
நான்கு சென்டிமீட்டர்.
பதினொரு வருஷத்தில் நாங்கள் போட்ட எந்தச் சண்டைக்கும்
இவ்வளவு துல்லியமான அளவு இருந்ததில்லை.

சுவரில் பென்சிலால் இரண்டு பெருக்கல் குறி.
மேலே என்னுடையது, கீழே அவனுடையது.
அவன் தன்னுடையதில்தான் துளையிட ஆரம்பித்தான்.
பழைய செங்கல். முதலில் முரண்டு பிடித்தது,
பிறகு கருவியை ஒருபக்கமாக வழுக்கிவிட்டு
திடீரென்று,
எதிர்ப்பே இல்லாமல்,
உள்ளே வாங்கிக்கொண்டது.

அழைப்புமணி.
பக்கத்து வீட்டு ஆல்ட்யே, இரவு அங்கியில்,
மாலை நான்கு மணிக்கு.
ரொட்டி அடுமனையில் வேலை. அவளுக்கு அது நடுநிசி.
தேநீர்த் தட்டில் ஒரு செங்கல் துணுக்கு,
பல் பிடுங்கியவர் கொண்டுவந்து காட்டுவதுபோல.
"என் சர்க்கரை டப்பாவில் விழுந்தது" என்றாள்.

ரின்ஸ் மன்னிப்பில் பாதியை முழுங்கினான்.
அவள் அதைக் கேட்கவில்லை.
சுவரருகே போய் நின்று
இரண்டு குறிகளையும் பார்த்தாள்,
இரண்டிலும் சேராத துளையையும் பார்த்தாள்.
"துளை எங்கேயோ அங்கே மாட்டுங்கள்.
ஏழரைக்கு மேல் சத்தம் வரக்கூடாது."
தட்டை எடுத்துக்கொண்டாள்.
துணுக்கை விட்டுவிட்டுப் போனாள்.

இருபது உச்சியில் உட்கார்ந்திருக்கிறது.
அதற்கு ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் ஐந்து.
ஆசைப்பட்டுக் கை பிசகினால்
அண்டை வீட்டில்தான் விழ வேண்டும்.
இதை யோசித்துச் செய்தவன்
நிச்சயம் வரிசைவீட்டுக்காரன்.

முதல் அம்பு கதவு நிலையில்.
இரண்டாவது சுவரில்.
மூன்றாவது பலகையில், ஒன்றில்.
"ஒன்று" என்று நான் ஊருக்கே கேட்கச் சொன்னேன்.

ஐந்நூற்று ஒன்றிலிருந்து கழித்துக்கொண்டே வரவேண்டும்.
இருப்பதையெல்லாம் இழந்து
சரியாகச் சுழியத்தில் நிற்கிறவன் ஜெயித்தான்.
மிச்சத்தைவிட ஒன்று கூடுதலாய் விழுந்தாலும்
திரும்பிப் போக வேண்டும்.
ஏழு இருபத்தொன்பதுக்கு
ரின்ஸிடம் முப்பத்திரண்டு பாக்கி.
கடைசி அம்பு இரட்டைப் பதினாறில் விழ வேண்டும்,
விரல் அகலம்கூட இல்லாத பட்டை.
கடிகாரத்தைப் பார்த்தான். அம்புகளைக் கீழே வைத்தான்.
பிறகு வெறுங்கையை உயர்த்தி,
ஒரு கண்ணைச் சுருக்கி,
சத்தமில்லாமல் எறிந்தான்.
"கதவில்" என்றேன்.
மறுபடி எறிந்தான்.
"கதவில்."
மூன்றாவது முறை என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு
விளக்கை அணைத்தான்.

இரவு இரண்டு மணிக்குத் தண்ணீர் குடிக்க இறங்கினேன்.
இருட்டில் கால்விரலுக்குத் தட்டுப்பட்டது
தரையில் ஒட்டிய நாடா.
அங்கேயே நின்றேன்.
பலகைக்குப் பின்னால், துளைக்கு அப்பால்,
ஒரு டப்பா மூடி திறக்கும் சத்தம்.
கரண்டி கோப்பைக்குள் சுற்றும் சத்தம்.
ஒரு மனுஷி வேலைக்குக் கிளம்புகிறாள்.

எதுவும் இல்லாத கையை உயர்த்தினேன்.
நான் நின்ற இடத்தில் தரை
நான்கு சென்டிமீட்டர் உயரம்.

முப்பத்திரண்டை முடித்துவிட்டேன்.
ரின்ஸிடம் சொல்லப்போவதில்லை.